போதுமா என்று கேட்டான், போதும் என்றேன்

என் சித்தி மகன் போன் பண்ணியபோது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அக்கா, ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. அந்த ஊருக்கு இந்தச் சம்பளம் போதுமாக்கா?" என்று கேட்டான். அவன் சொன்ன தொகை என் சம்பளத்தைவிட ரொம்பவே அதிகம். செருப்பை மாட்டிக்கொண்டே "தாராளமா போதும்டா, யோசிக்காம சேர்ந்துடு" என்றேன். மொத்தமே இரண்டு நிமிடப் பேச்சு. அவன் வீட்டில் முதன்முதலாக ஒரு பெருநகரத்துக்கு வேலைக்குப் போகிறவன் அவன்தான், கேட்பதற்கு அவனுக்கு வேறு ஆளும் இல்லை. எதை வைத்துப் போதும் என்று சொன்னேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. தொகை பெரியதாகத் தெரிந்தது, சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து ஒரு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது அவன் அறையில் ஒரு ராத்திரி தங்கினேன். ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பகலிலும் விளக்கு எரிந்தால்தான் புத்தகம் படிக்க முடியும். அந்தச் சுவரை ஒட்டி ஒரு கழிவுநீர்க் குழாய் இறங்குகிறது. விடிகாலையில் அதில் தண்ணீர் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டு நான் எழுந்து உட்கார்ந்தேன். "மேல்வீட்டுக்காரர் குளிக்கிறார்க்கா, மணி அஞ்சே கால் ஆயிருக்கும்" என்றான், கண்ணைக்கூடத் திறக்காமல். ஆறு மணிக்கு அவன் கிளம்பியாக வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர அதற்கும் கொஞ்சம் மேலே. சட்டை மாட்டிக்கொண்டிருந்தவனிடம் "சம்பளம் போதுதாடா?" என்று கேட்டேன். "போதும்னு நீங்கதானேக்கா சொன்னீங்க" என்றான். குத்திக்காட்டுகிற பழக்கமே அவனுக்குக் கிடையாது, அதனால்தான் அந்தப் பதில் என்னை விடவே இல்லை. நான் சொன்னதை நம்பி, போதவில்லை என்றால் தப்பு தன்னிடம்தான் இருக்கும் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் அவன் வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதற்குப் பிறகும் பல மாதம் அந்தக் கணக்கை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

100 பங்கு

தொகையைச் சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி தெரியும், அதனால் அவன் மொத்தச் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். அதில் வருமான வரி 18 போகிறது, ஓய்வுக்காலச் சேமிப்பும் காப்பீடும் சேர்ந்து 10. கையில் வருவது 72. வாடகை 30. அப்போது என் மொத்தச் சம்பளம் அதே கணக்கில் 60 பங்கு. சம்பளம் குறைவு என்பதால் வரி விகிதமும் குறைவு, எல்லாப் பிடித்தமும் சேர்ந்தே 11தான். கையில் 49, சின்ன ஊர் என்பதால் வாடகை 12. ஆக வாடகை கொடுத்தபின் எனக்கு மிஞ்சுவது 37, அவனுக்கு 42. என்னைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகச் சம்பாதிக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பையனுக்கும் எனக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் வெறும் 5 பங்கு. அவன் போய்வர ஆகும் செலவு 8, எனக்கு 2. கழித்துப் பார்த்தால் எனக்கு 35, அவனுக்கு 34.

பேனாவை வைத்துவிட்டு அவன் அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே இருந்தான். ஊரில் அவன் பெயரைச் சொல்லும்போது கூடவே அவன் சம்பளத்தையும் சொல்லுகிற அளவுக்கு அது பேச்சாகியிருந்தது. சித்தியே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்தப் பெருமைக்குத் தகுந்த மாதிரி வீட்டுக்கு மாதாமாதம் 8 அனுப்புகிறான், படிப்புக் கடனுக்கு 6, கரண்ட், தண்ணீர், பராமரிப்பு, போன் எல்லாம் சேர்ந்து 5. மிச்சம் 15. சாப்பாடு, துணி, மருந்து, ஊருக்கு வந்துபோவது, பல்வலி வந்தால் டாக்டர் என எல்லாமே அதற்குள். அந்தப் பல்வலி உண்மையிலேயே வந்தது, நாலு மாதமாக ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான், என்னிடம்கூடச் சொல்லவில்லை.

சரி, வாடகையை ஏன் இவ்வளவு உயரத்தில் பிடித்தாய் என்று கேட்டேன். "சம்பளத்துல முப்பது சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லதுன்னு எல்லாரும் சொன்னாங்க, சரியா முப்பதுதானேக்கா?" என்றான். அந்தக் கணக்கை நானும்தான் பலரிடம் கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேடிப் படித்தபோது மனசு கொஞ்சம் கசந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் 'ஒரு மாத வாடகைக்கு ஒரு வாரக் கூலி' என்று ஒரு சொல்வழக்கு இருந்தது. 1969இல் எட்வர்ட் புரூக் என்ற செனட்டர் கொண்டுவந்த சட்டத்திருத்தம், அரசு கட்டிக்கொடுத்த வீடுகளில் இருக்கும் ஏழைகளிடம் அவர்கள் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்றது. 1981இல் அதை 30 ஆக்கினார்கள். அரசு வீட்டில் இருக்கும் ஏழைக் குடும்பத்திடம் இதற்கு மேல் வாங்காதே என்று வீட்டுக்காரருக்குப் போட்ட வரம்பு அது. உலகம் சுற்றி வந்து, இவ்வளவு வரை நீ தாராளமாகக் கொடுக்கலாம் என்று வாடகைக்காரருக்குச் சொல்லும் அறிவுரையாக மாறிவிட்டது. நியூயார்க்கில் வீட்டு உரிமையாளர்கள் பலர் மாத வாடகையைப் போல 40 மடங்கு வருட வருமானம் இருந்தால்தான் சாவி தருவார்கள். அதைத் திருப்பிப் போட்டாலும் அதே 30 சதவீதம்தான்.

நாங்கள் இரண்டு பேருமே கவனிக்காமல் விட்டது இன்னொன்று. அந்த 30 சதவீதத்தைப் பிடித்தம் போவதற்கு முன்னால் இருக்கும் மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுகிறார்கள். வாடகையோ கைக்கு வந்த பணத்திலிருந்துதான் போகிறது. 72இல் 30 என்றால் கிட்டத்தட்ட 42 சதவீதம். கையில் பார்க்கும் பத்து நோட்டில் நாலுக்கு மேல் அந்தச் சுவர் பார்த்த ஜன்னலுக்குப் போகிறது.

வரியா, வாடகையா

இவ்வளவு கணக்குப் போட்ட பிறகும் அவன் கோபம் முழுக்க வரி மேல்தான் இருந்தது. "வரிதான்க்கா எல்லாத்தையும் தின்னுடுது" என்று மூன்று தடவை சொன்னான். 18ஐவிட 30 பெரியது என்று கண்ணெதிரே காகிதத்தில் இருந்தும் ஏன் அப்படித் தோன்றுகிறது என்று யோசித்தேன். வாடகைக்கு ஈடாக ஒரு கூரை கிடைக்கிறது, கதவைப் பூட்டிக்கொள்ளலாம். வரிக்கு என்ன கிடைத்தது என்று அன்றாடம் யாரும் கையில் கொண்டுவந்து காட்டுவதில்லை. அது மட்டுமில்லாமல் வரி நம்மைக் கேட்காமலே போய்விடுகிறது. சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு பல நாடுகளில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான் பரவலானது. அமெரிக்காவில் 1943, பிரிட்டனில் 1944. போருக்குப் பணம் வேண்டும், கோடிக்கணக்கான சம்பளக்காரர்களிடம் வருடக் கடைசியில் மொத்தமாகக் கேட்டு வாங்க முடியாது, அதனால் கைக்குப் போகும் முன்பே எடுத்துக்கொள் என்று முடிவு செய்தார்கள். அந்த நாளில் அமெரிக்க நிதித்துறையில் இருந்துகொண்டு இந்த ஏற்பாட்டை வடிவமைக்க உதவியவர்களில் ஒருவர் மில்டன் ஃப்ரீட்மன், அரசின் கை சின்னதாக இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் வாதாடிய பொருளாதார அறிஞர். அரசு வளர்வதற்கு இது வழிவிட்டுவிட்டது என்று பிற்பாடு அவரே வருத்தப்பட்டார். எனக்கு அவருடைய அரசியலோடு ஒத்துப்போகாது. ஆனால் பார்க்காத பணம் போவதும் பார்த்த பணம் போவதும் மனசுக்கு வேறு வேறு என்பது அவனுடைய சம்பளச் சீட்டைப் பார்த்தபோது எனக்கும் புரிந்தது.

சம்பள உயர்வு வந்தால் வரி அடுக்கு மாறி, கையில் வருவது முன்னைவிடக் குறைந்துவிடும் என்றும் அவன் நம்பிக்கொண்டிருந்தான். அவன் ஆபீஸில் பாதிப்பேர் அப்படித்தான் நம்புகிறார்களாம். அடுக்கடுக்கான வரியில் மேல் அடுக்கின் விகிதம் அந்த எல்லையைத் தாண்டிய பணத்துக்கு மட்டும்தான். 50 பங்கு வரை ஒரு விகிதம், அதற்கு மேல் வேறு விகிதம் என்றால் 51வது பங்குக்குத்தான் கூடுதல் வரியே தவிர, கீழே இருக்கும் 50க்குப் பழைய விகிதமேதான். ஏதாவது ஒரு சலுகையோ உதவித்தொகையோ குறிப்பிட்ட வருமானத்தோடு சட்டென்று நின்றுபோகிற இடங்களில் மட்டும் உயர்வால் நஷ்டம் வரலாம். மற்றபடி வரிக்குப் பயந்து உயர்வை வேண்டாம் என்று சொல்ல அவசியமே இல்லை. இதைச் சொன்னதும் அவன் முகம் தெளிந்தது. அடுத்த மாதம் மேலாளரிடம் தைரியமாகக் கேட்டான், கிடைக்கவும் செய்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வரியே இல்லாத ஊருக்குப் போய்விட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, உண்மைதான். அங்கே இருந்துவிட்டு வந்தவர்களைக் கேட்டால் முதலில் வாடகையைப் பற்றித்தான் பேசுவார்கள், பல மாத வாடகைக்கு முன்கூட்டியே செக் எழுதிக் கொடுத்ததைச் சொல்வார்கள். ஹாங்காங் இன்னும் தெளிவான உதாரணம். அங்கே சம்பள வரி எவ்வளவு சம்பாதித்தாலும் 15, 16 சதவீதத்தைத் தாண்டாது. அதே ஊர்தான் உலகத்திலேயே வீடு கட்டுப்படியாகாத நகரங்களில் முன்வரிசையில் வருடக்கணக்காக இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லாமல் இல்லை. அங்கே நிலம் ஏறக்குறைய முழுவதும் அரசுடையது, அதைக் குத்தகைக்கு விட்டு வருகிற பணம் நெடுநாள் அரசு வருமானத்தில் கணிசமான பங்காக இருந்தது. நிலத்துக்கு விலை அதிகமாக இருந்தால்தான் வரியைக் குறைவாக வைத்துக்கொள்ள முடியும். சம்பளச் சீட்டில் காணாத வரி அங்கே வாடகை ரசீதுக்குள் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உயர்வு வந்த மாதம்

அவனுக்கு 10 பங்கு உயர்வு கிடைத்தது. போனில் அவன் குரலே மாறியிருந்தது. இரண்டு வாரத்தில் மறுபடி கூப்பிட்டான், இந்தத் தடவை ரொம்ப நிதானமாகப் பேசினான். ஒப்பந்தம் முடிகிறது, வீட்டு ஓனரம்மா வாடகையை 30லிருந்து 34 ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார். நானே காகிதத்தை எடுத்தேன். உயர்வு 10. அது மேல் அடுக்கில் போய் உட்காருவதால் வரி 3, சேமிப்புப் பிடித்தம் 1, கையில் வருவது 6. வாடகைக்கு 4. மீதி 2. ஒரு வருஷம் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்ததற்கு அவனுக்கு மிஞ்சியது 10இல் 2.

அந்த அம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் தங்கிய அன்று அவரிடம் பேசியிருக்கிறேன். கணவர் இல்லை, அந்தக் கட்டிடம் கட்ட வாங்கிய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார், வருமானம் என்றால் அந்த நாலு அறைகளின் வாடகை மட்டும்தான். ஏன் ஏற்றுகிறீர்கள் என்று இவன் கேட்டதற்கு அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்: "பக்கத்துல ரயில் வருதுப்பா. ஸ்டேஷன் திறந்துட்டா இந்த ரூமுக்கு இதைவிட ஜாஸ்தி குடுத்து வர ஆள் இருக்காங்க. உனக்காகத்தான் கம்மியா கேக்கறேன்." அவர் சொன்னது பொய்யில்லை. சந்தையைவிடக் குறைவாகத்தான் கேட்டிருந்தார்.

எனக்கு எல்லாம் திரும்பியது இந்த இடத்தில்தான். அந்த ரயில் பாதையை அவன் வந்த நாளிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். அது வந்தால் போகவர மூன்று மணி நேரம் என்பது ஒன்றரையாகக் குறையும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தான். அந்தப் பாதை போடும் பணத்தில் அவனுடைய 18 பங்கு வரியிலிருந்து ஒரு துளியும் இருக்கிறது. ரயில் இன்னும் ஓடவே தொடங்கவில்லை, அதற்குள் அதன் பயன் வாடகையாக எழுதப்பட்டு அவனிடமே திரும்பி வந்துவிட்டது. ஒரே பாதைக்கு அவன் வரியாக ஒரு தடவை, வாடகையாக மாதாமாதம் ஒரு தடவை கொடுக்கிறான். டிக்கெட் இனிமேல்தான். வரி, வாடகை, சம்பளம் என்று தனித்தனிக் கட்டமாகப் பிரித்து நான் போட்டுக்கொண்டிருந்த கணக்கே தப்பு என்று அப்போதுதான் தோன்றியது. சம்பளம் ஏறினால் அது தெரிந்து வாடகை ஏறுகிறது, வரிப்பணத்தில் ஊர் நன்றாக ஆனால் அதற்கும் வாடகை ஏறுகிறது. ஊருக்கு நடக்கும் எந்த நல்லதும் கடைசியில் மண்ணுக்குள்தான் போய்ச் சேருகிறது.

இது எனக்குப் புதிதே தவிர உலகத்துக்குப் பழசு. 1817லேயே டேவிட் ரிகார்டோ என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர், தானியம் விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் நிலக் குத்தகை இல்லை, தானியம் விலை கூடுதலாக இருப்பதால்தான் குத்தகை அதிகம் கேட்க முடிகிறது என்று எழுதியிருக்கிறார். தானியம் இருந்த இடத்தில் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் ஓனரம்மா சொன்னதும் அதுவே. ஹென்றி ஜார்ஜ் என்ற பத்திரிகையாளர் 1870இல் கலிபோர்னியாவில் ஒரு மேட்டுப்பக்கம் குதிரையில் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே வந்த வண்டிக்காரரிடம் பேச்சுக்கு இங்கே நிலம் என்ன விலை என்று கேட்டிருக்கிறார். அவர் எலி அளவுக்குச் சின்னதாகத் தெரிந்த தூரத்து மாடுகளைக் காட்டி, அங்கே ஒருவர் ஏக்கர் ஆயிரம் டாலருக்குக் கொடுப்பார் என்றாராம். மாடு மேயும் வெற்றுத் தரை, அதில் யாரும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை, ஆனாலும் ஆயிரம் டாலர், ஏனென்றால் ஊர் அந்தப் பக்கம் வளர்ந்து வந்துகொண்டிருந்தது. ஊர் வளர்வதால் ஏறும் நிலமதிப்பு ஊருக்குச் சொந்தம், வரியை உழைப்பின் மேல் போடுவதைவிட அந்த மதிப்பின் மேல் போடுங்கள் என்று வாழ்நாள் முழுக்க அவர் வாதாடினார். அது முழுத் தீர்வா என்று என்னால் சொல்ல முடியாது. ஓனரம்மா மாதிரி ஆட்கள் அந்த வரியை எப்படிக் கட்டுவார்கள் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. ஆனால் என் தம்பியின் 10இல் 3 உழைப்புக்கான வரியாகப் போவதும், ரயில் வந்ததால் ஏறிய நிலமதிப்பு அப்படியே யாரோ ஒருவருக்குச் சேர்வதும் நியாயமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மிஞ்சுவதைத்தான் பார்க்க வேண்டும்

சதவீதத்தை விட்டுவிட்டு மிச்சத்தைப் பார் என்று சொல்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மைக்கேல் ஸ்டோன் பல வருஷமாக இதைச் சொல்லிவந்திருக்கிறார்: வரியும் வாடகையும் போனபின் மிஞ்சுவதில் ஒரு குடும்பத்தின் மற்ற அத்தியாவசியங்கள் நடக்குமா, நடக்காதா, அதுதான் கேள்வி. பெரிய சம்பளக்காரர் 40 சதவீதம் வாடகை கொடுத்துவிட்டும் நிம்மதியாக இருக்கலாம், குறைந்த சம்பளக்காரருக்கு 20 சதவீதமே தாங்காது. பெர்லின் நகரப் புள்ளிவிவர அலுவலகத்தில் இருந்த ஹெர்மன் ஷ்வாபே 1868இலேயே, வருமானம் குறையக் குறைய அதில் வாடகை எடுத்துக்கொள்ளும் பங்கு கூடுகிறது என்று கணக்கெடுத்துக் காட்டிவிட்டார். நம் வீடுகளில் அம்மாக்கள் சம்பளம் வந்ததும் வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியை எண்ணிப் பார்ப்பார்களே, அந்த மீதிதான் உண்மையான சம்பளம்.

கொஞ்சம் தள்ளிப் போய் இருந்தால் வாடகை குறையுமே என்று எல்லோரும் சொல்வார்கள். குறையும்தான். சந்தையிலிருந்து தள்ளிப்போகப் போக, வண்டிச் செலவு ஏற ஏற, நிலத்தின் குத்தகை குறைந்துகொண்டே போகும் என்று 1826லேயே யோஹான் ஃபான் தூனன் என்ற ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் எழுதிவிட்டார். நகரத்துக்கும் அது பொருந்தும். ஆனால் குறைந்த வாடகைக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்கிறோம், அந்த நேரம் எந்தச் சம்பளச் சீட்டிலும் வராது. எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் மனிதர்கள் ஒரு நாளில் சராசரியாக ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் எழுதினார். என் தம்பிக்கு அது மூன்று மணி நேரத்துக்கும் மேல். அவனுக்குப் புல்லாங்குழல் வாசிக்கத் தெரியும், சின்ன வயதிலிருந்தே. அந்த அறையில் அது அலமாரிக்கு மேலே துணியில் சுற்றியபடி இருந்தது, துணிமேல் தூசி. அந்தத் தூசியைப் பார்த்தபோது எனக்கு வந்த துக்கம், 35க்கும் 34க்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

வசதி என்றால் என்ன என்று அவனிடமே ஒருநாள் கேட்டேன். பெரிய வீடு, கார் என்று சொல்வான் என்று நினைத்தேன். "அடுத்த வருஷமும் இதே வீட்டுல இருப்பேனான்னு தெரிஞ்சா போதும்க்கா" என்றான். எனக்கு உடனே வியன்னா ஞாபகம் வந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு அந்த நகரம் தொழிலாளர்களுக்காகத் தானே வீடு கட்டத் தொடங்கியது. 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், அதில் 1,382 வீடுகள். அந்தச் செலவுக்காக நகரம் தனியாக ஒரு வீட்டு வரி போட்டது, பெரிய மாளிகைக்குப் பெரிய வரி, சின்ன வீட்டுக்குச் சின்ன வரி. இன்றைக்கும் வியன்னா மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நகராட்சி வீட்டிலோ மானியத்தில் கட்டிய வீட்டிலோதான் இருக்கிறார்கள், நகராட்சி வீடுகளின் ஒப்பந்தம் பொதுவாகக் காலவரம்பு இல்லாதது. சிங்கப்பூர் வேறு வழியில் போய், 1960இல் வீட்டு வாரியம் ஒன்றை அமைத்துக் கட்டிக்கொண்டே வந்ததில் அங்கே குடியிருப்பவர்களில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு அந்த வீடுகளில் வாழ்கிறார்கள். இரண்டு ஊரிலும் குறைகள் உண்டு, காத்திருப்புப் பட்டியல் உண்டு, விதிகள் உண்டு. இருந்தாலும் ஒரு பெருநகரம் தன் சம்பளக்காரர்களை வருடாவருடம் ஒப்பந்தத் தேதி பார்த்துப் பயந்துகொண்டே வாழவைத்துத்தான் தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதற்கு இந்த இரண்டு ஊர்களே சாட்சி.

தம்பி கடைசியில் அந்த அறையை விட்டுவிட்டான். வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்தார்கள், அவன் பங்குக்கு 24. அட்வான்ஸுக்கு நான் கொஞ்சம் கொடுத்தேன், அவன் திருப்பித் தந்துவிட்டான். பல்லைப் பார்த்துக்கொண்டான். தனக்கென்று ஒரு அறை இல்லை, போனில் பேச மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும், கல்யாணம் என்று வந்தால் அந்த வீடு சரிப்படாது. அவன் பழைய அறைக்கு இப்போது யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஓனரம்மா கேட்ட 34ஐவிடக் கூடுதலாகத்தான் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

போன வாரம் என்னோடு படித்தவளின் மகள் போன் பண்ணினாள். முதல் வேலை, அதே மாதிரி ஒரு பெரிய ஊர், அதே கேள்வி: "ஆன்ட்டி, இந்தச் சம்பளம் போதுமா?" இந்தத் தடவை வேலையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்தேன். பிடித்தம் போக எவ்வளவு வரும் என்று கம்பெனியிடம் எழுதிக் கேட்டு வாங்கு என்றேன். ஆபீஸ் எந்தப் பகுதியில், அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்வரும் தூரத்தில் ஒரு அறைக்கு என்ன கேட்கிறார்கள், அட்வான்ஸ் எத்தனை மாதம், ஒப்பந்தம் எத்தனை மாதம், புதுப்பிக்கும்போது எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கிறதா, அந்தப் பக்கம் புதிதாக ரயிலோ பெரிய ஆபீஸோ வருவதாகப் பேச்சு இருக்கிறதா என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். "அவ்வளவும் பாக்கணுமா ஆன்ட்டி?" என்றாள். பார்த்துவிட்டு வா, சேர்ந்து கணக்குப் போடலாம் என்றேன். நேற்று ராத்திரி அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது, புதுப்பிக்கும்போது எவ்வளவு ஏற்றுவார்கள் என்ற கட்டம் மட்டும் காலி. கேட்டதற்கு, அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொன்னாராம்.